நடு மூடி காணப்படவில்லை

நான் வேலை செய்யும் கடையில் கெட்டுப்போன தாள்களை எறிவதில்லை. மை கொட்டியது, கோணலாக வந்தது, பாதியில் நின்றுபோனது, எல்லாவற்றையும் மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் போட்டு வைப்போம். பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் எதையாவது குறித்துக்கொள்ள உதவும். கடை வெள்ளவத்தையில், கடற்கரை ஸ்டேஷனுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. போட்டோகொப்பி, டைப்பிங், லெமினேட் எல்லாம் செய்கிறோம். நான் அங்கே சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல். ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். மூன்று மொழியிலும் டைப் பண்ணுவேன். ஆனால் எந்த மொழியிலும் நாலு பேர் முன்னால் பேச வராது.

அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தாளை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனதில்தான் எல்லாம் தொடங்கியது.

நான் தனியாக இருப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில். தோட்டம் என்றால் மரம், செடி எதுவும் இல்லை. கொழும்பில் ஒரே வாசலுக்குள் நெருக்கியடித்துக் கட்டிய வீட்டு வரிசைக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் வாசலுக்குள் ஒடுங்கிய பாதை, பாதைக்கு இரண்டு பக்கமும் வீடுகள், முடிவில் எல்லோருக்கும் பொதுவான பைப்படி. எல்லா வீட்டுக் கழிவுத் தண்ணீரும் நிலத்துக்குக் கீழே ஓடும் ஒரு கானில் விழுந்து பெரிய தெருவுக்குப் போக வேண்டும். போவதில்லை. கொஞ்சம் பலமாக மழை பெய்தால் வந்த வழியே திரும்பி வீட்டுக்குள் வரும்.

அதிகம் வருவது என் பக்கத்து வீட்டுக்கு. அங்கே இருப்பவரை எல்லோரும் இடியப்ப அக்கா என்றுதான் சொல்வார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். புருஷன் போன பிறகு பின்னேரங்களில் இடியப்பம் அவித்து விற்றே வாழ்ந்தவர். தெஹிவளையில் பிளாட்டில் இருக்கும் மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிப் பல தடவை கேட்டும் போகவில்லை. "அங்க போனா கதவுக்குக் காவல் நிக்கிறதுதான் என்ட வேலை. இங்க நாலு பேர் என்னத் தேடி வாறாங்க" என்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது அக்கா வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"பி.எச்.ஐ. வந்தார்" என்றார். உணவுச் சாமான் விற்கிற இடங்களைப் பார்க்க வருகிற சுகாதாரப் பரிசோதகர் அவர். "குசினி மூலையில தண்ணி ஏறி நிண்டதப் பார்த்திட்டார். மழைக்காலம் முடிய முதல் திரும்ப வருவாராம். அப்பயும் தண்ணி நிண்டா அடுப்ப மூடணுமாம்."

"மாநகர சபைக்குச் சொல்லலாமே அக்கா."

"சொல்லாமலா? எத்தின வருஷமா சொல்றம். நானென்ன, கானுக்க படுத்துத் தண்ணியத் தடுக்கிறதா?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்திய பிறகும் அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

அடுத்த வாரம் கடைக்கு ஹெவ்லொக் டவுன் மிஸ் வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. தன் தெருவில் குப்பை, கான், தெருவிளக்கு என்று எதற்கும் தகவல் கேட்டுச் சபைக்கு விண்ணப்பம் போடுவார். அவருடைய விண்ணப்பங்களை நான்தான் டைப் பண்ணிக் கொடுப்பேன். இந்தத் தடவை பதில் வந்திருந்தது. அவர் கேட்டது தன் தெருவில் கான் சுத்தம் செய்த விபரம். அவர்கள் கொடுத்தது மற்ற வட்டாரங்களும் சேர்ந்த ஒரு பெரிய கட்டு. பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கப் பத்துப் பிரதி வேண்டும் என்றார்.

ஐந்தாவது பிரதியில் மெஷின் மை கொட்டியது. அந்தத் தாளைப் பெட்டியில் போடக் குனிந்தபோது எங்கள் தெருவின் பெயர் கண்ணில் பட்டது. கீழே 86 என்று எங்கள் இலக்கம். அதற்கு நேரே ஒவ்வொரு மாதத்துக்கும் சிங்களத்தில் ஒரே சொல். சுத்தம் செய்யப்பட்டது. சுத்தம் செய்யப்பட்டது. சுத்தம் செய்யப்பட்டது.

தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். களவு செய்த மாதிரி இருந்தது. கோட்டைக்குப் போகும் ரயிலில் கடல் பக்கம் நின்றபடி அதை நாலைந்து தடவை பிரித்துப் பார்த்தேன். என் தோட்டத்தில் கான் மூடியைத் திறந்து யாரும் கம்பி விட்டதை நான் ஒரு நாளும் கண்டதில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதைத் தமிழில் பெரிய எழுத்தில் டைப் பண்ணினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'இவர்கள் சுத்தம் செய்ததைக் கண்டவர் யாராவது உண்டா?' நனையாமல் பொலித்தீன் உறையில் போட்டு, காலையில் யாரும் எழும்ப முன்னரே பைப்படிச் சுவரில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். தைரியத்தில் ஒட்டவில்லை. வாயால் சொல்ல முடியாததால் ஒட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை, சபையில் கான் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் இரண்டு ஆட்களோடும் நீளக் கம்பிகளோடும் எங்கள் தெருவுக்கு வந்தார். பக்கத்து வாசலுக்குத்தான் போனார். எங்கள் பெண்கள் விடுவார்களா?

"ஆ, வாறார் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத கானக் கழுவுற மாத்தயா!"

"தாள்ல நல்ல சுத்தம். உள்ளுக்கு வந்து ஒருக்கா மணந்து பாருங்க மாத்தயா, சென்ட் அடிச்ச மாதிரி இரிக்கும்."

ஓவசியருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு முகம் சிவந்துவிட்டது. அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும்.

"நான் மாசாமாசம் எம்பத்தாறுக்கு வாறன். இந்தா, இப்பயும் வந்திரிக்கிறன். நீங்க எம்பத்தாறு இல்ல."

"கேட்டீங்களா கதைய? பொறந்ததில இருந்து இங்க இரிக்கிற எங்களுக்கு நம்பர் சொல்லித் தாறார்!"

அவர் உள்ளே வந்து பைப்படிச் சுவரில் இருந்த தாளை வாசித்தார். "இத எழுதினது யார்?"

இடியப்ப அக்காதான் பதில் சொன்னார். "எழுதினவ உள்ளுக்கு இரிக்கா. வெளிய வரமாட்டா. வெக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் வெளியே வர வேண்டியதாயிற்று. ஓவசியர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது போல இருந்தது. சிங்களத்தில் தங்கச்சி என்றே கூப்பிட்டார். "நங்கி, ஒபிசுக்கு வந்து புத்தகத்தப் பாருங்க. பார்த்திட்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு கேட்டேன். கடை முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "இத்தின வருஷத்துல நீ லீவு கேட்டதே இல்லயே புள்ள. யார் மாப்புள?" என்றார்.

சபையின் வட்டார அலுவலகத்தில் இருந்த பெண் நான் கொண்டுபோன கரண்ட் பில்லைப் பார்த்தார். பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் கேட்க, பொறுமையாகவே சொன்னார். சபையின் புத்தகத்தில் 86 என்பது பக்கத்து வாசல். எங்கள் வாசலின் அசெஸ்மென்ட் இலக்கம், அதாவது சபை வீட்டு வரிக்குப் பதிந்த இலக்கம், 92. கரண்ட் எடுத்த காலத்தில் எங்கள் ஆட்கள் யாரோ விண்ணப்பத்தில் பக்கத்து வாசல் கம்பத்தில் இருந்த பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் வாசலில் பலகையே கிடையாது. பில் அந்த இலக்கத்துக்கு வந்தது. பில்லைக் காட்டித்தான் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம், அடையாள அட்டை எடுத்தோம், கடிதம் போட்டோம். தபால்காரருக்கு எங்கள் முகம் தெரியும். ஆகவே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சபைக்கு முறைப்பாடு எழுதிய ஒவ்வொரு தடவையும் 86 என்றே எழுதினோம். அவர்கள் போய்ப் பார்த்தால் பக்கத்து வாசலில் கான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

"தொண்ணூற்றிரண்டு இதோ" என்று அந்தப் பெண் புத்தகத்தைத் திருப்பினார்.

அங்கேயும் மாதாமாதம் ஒரே வரிதான் இருந்தது. 'நடு மூடி காணப்படவில்லை. வேலை செய்ய இயலவில்லை.'

கான் நடுவில் வளைகிறதாம். வாசலில் ஒரு மூடி, பைப்படியில் ஒரு மூடி. அந்த இரண்டிலிருந்தும் கம்பி விட்டால் வளைவில் முட்டி நிற்கும். வளைவில் இருக்கும் மூன்றாவது மூடியைத் திறந்தால்தான் அடைப்பை எடுக்கலாம். அந்த மூடியை ஆட்கள் தேடியும் கிடைக்கவில்லை. நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரங்களில் வந்து, தேடிப் பார்த்து, திரும்பிப் போய் எழுதியிருக்கிறார்கள்.

"எப்போதோ போட்ட வரைபடம் இருக்கும். அதைக் கேட்டு விண்ணப்பம் போடுங்கள், எடுத்துத் தருகிறேன்" என்றார்.

எத்தனையோ பேருக்கு அந்த விண்ணப்பத்தை டைப் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். எனக்காக எழுதியது அன்றுதான். முகவரி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கடைசியில் கடையின் முகவரியை எழுதினேன்.

வீட்டுக்கு வந்து பைப்படியில் இருந்த தாளைக் கிழித்தேன். புதிய தாளில், 'முன்னர் ஒட்டிய தாளில் இருந்த பிழை என்னுடையது. சபை எழுதியது பக்கத்து வாசலைப் பற்றி. எங்கள் வாசல் 92' என்று எழுதி ஒட்டினேன். இரண்டு நாட்கள் பைப்படிக்குத் தண்ணீர் எடுக்கப் போகவே வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு இன்னொரு வேலை செய்தேன். செய்திருக்காவிட்டால் இவ்வளவு களைப்பு இருந்திருக்காது என்று சில நேரம் நினைப்பதுண்டு. வீடு வீடாகப் போய் இலக்கங்களை எழுதினேன். கரண்ட் பில்லில் ஓர் இலக்கம், வாக்காளர் பட்டியலில் ஓர் இலக்கம், சபைப் புத்தகத்தில் ஓர் இலக்கம். மூன்று நெடுவரிசை, வீட்டுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வாசலிலும் நின்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. தொண்டை காய்ந்து, வீட்டுக்கு வந்து படுத்தால் காதுக்குள் என் குரலே கேட்கும்.

"என்ன தங்கச்சி, எலெக்ஷன் கேக்கப் போறியா?"

"வீட்டுக்கு மூணு நம்பராம். எல்லா வீட்டுக்கும் சேர்த்துக் கக்கூசு ரெண்டு."

அந்தப் பட்டியலையும் ஒட்டினேன். ஆட்கள் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. அவளுடைய வீட்டுக்கு ஆஸ்பத்திரி கிளினிக்கிலிருந்து ஓர் ஆள் கையில் கொண்டுவந்த கடிதம் ஒன்று, 86 என்று போட்டிருந்ததால், பக்கத்து வாசலில் கிடந்தது. அதை அவள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போய் எடுத்தாள். அதைக் கேட்டபோது எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் பைப்படியில் நின்று சொல்லிவிட்டேன், இனிச் சபையிலிருந்து எது வந்தாலும் இதே சுவரில் ஒட்டுவேன் என்று.

வரைபடம் வந்தது. கடையில் மேசை மேல் விரித்து அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். வாசலில் ஒரு சிறிய வட்டம், பைப்படியில் ஒரு வட்டம், வளைவில் ஒரு வட்டம். வாசலிலிருந்து நடு வட்டத்துக்கு எத்தனை அடி என்று கணக்குப் போட்டுக் குறித்துக்கொண்டேன். பின்னேரம் தோட்டத்துக்குள் நுழையும்போது யாருக்கும் தெரியாமல் அடி வைத்து எண்ணிக்கொண்டு நடந்தேன். எண்ணிக்கை முடிந்தபோது இடியப்ப அக்காவின் வாசற்படிக்கு முன்னால் நின்றேன். வட்டம் இருந்தது படிக்கு அந்தப் பக்கம், மூன்றடி உள்ளே.

அக்கா மாவைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க."

"கண்ணாடி இல்ல."

கண்ணாடி அவருடைய தலையில்தான் இருந்தது. நான் தாளை அவருக்கு முன்னால் விரித்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

அவர் மாவில் கையை வைத்தபடியே சொன்னார். "அப்ப பாதை அகலம். எல்லாரும் ரெண்டடி மூண்டடி முன்னுக்கு இழுத்துக் கட்டினாங்க. நாங்களும் இழுத்தம். மூடி உள்ளுக்கு வந்திட்டு. மணக்குதெண்டு என்ட மனிசன் மேல கொங்கிறீட் போட்டார். அதுக்கு மேல அடுப்ப வைப்பம், ஒருத்தருக்கும் தெரியாதெண்டார். சரியாத்தான் சொல்லிரிக்கார். இவ்வளவு நாளா ஒருத்தருக்கும் தெரியல்ல."

"நான் சபைக்குப் போகேக்க ஏன் அக்கா சொல்லல்ல?"

"நீ போய்ச் சொன்னா ரெண்டு பக்கத்தாலயும் இழுத்து எடுத்திடுவாங்கள் எண்டு நினைச்சன். அடுப்பு தப்பிடும் எண்டு நினைச்சன்." பிறகு கேட்டார். "ஒட்டப் போறியா?"

நான் தாளை மடித்தேன்.

"ஒட்டினா எல்லாரும் இண்டைக்கே தரைய உடைக்க அலவாங்கோட வந்து நிப்பாங்க. ஒட்டாட்டி பி.எச்.ஐ. வருவார். எப்பிடிப் பார்த்தாலும் என்ட அடுப்புத்தான். நீ யோசிச்சுச் செய்."

ஒட்டவில்லை. அரிசி டின்னுக்குக் கீழே வைத்துவிட்டேன். ஆட்கள் கேட்டார்கள். பைப்படியில் கேட்டார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார்கள். "சபையில இருந்து தாள் வந்ததா?" இன்னும் வரவில்லை என்று சொன்னேன். பயப்பட்டது போல கஷ்டமாக இல்லை, பொய் சுலபமாகவே வந்தது. மாதாமாதம் 'காணப்படவில்லை' என்று புத்தகத்தில் எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. கண்ட பிறகும் காணவில்லை என்று சொன்னது நான் ஒருத்திதான்.

மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது எதிர்வீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் நின்றாள். அவளுடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியிருந்தது. தரை முழுக்க அழுக்கு, பாயைச் சுருட்டிக் கதவில் சாத்தியிருந்தாள்.

"அக்கா, அந்தத் தாள் வந்தா முதல்ல எனக்குச் சொல்லுங்க. நான் போய் அவங்கட கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாறன்" என்றாள். வேலையால் வந்த என் கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. அவள் அதை வாங்கி, நான் குடையை மடிக்கும் வரை வைத்திருந்தாள். அவ்வளவு நம்பிக்கை.

நான் இடியப்ப அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு தகரத்தால் தண்ணீரை அள்ளி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் விளக்குமாற்றை எடுத்தேன். இரண்டு பேரும் தரை தெரியும் வரை தள்ளினோம். முடிந்த பிறகு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ஒட்டு" என்றார். "சனிக்கிழமை நான் அடுப்ப எடுத்திடுவன். ஆக்கள் வந்து பார்க்கேக்க அடுப்பு அதுக்கு மேல இரிக்கக் கூடா."

அப்படியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலால் வந்தவர்கள் எல்லோரும் பைப்படியில் நின்றார்கள். கிட்டப் போய்த் தாளைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். "இவ்வளவு நாளும் எங்கட தண்ணிக்கு மேல ஏறி இருந்துதான் இடியப்பம் அவிச்சிரிக்கா."

கைக்குழந்தைக்காரிதான் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தாள். "உங்கட வாசல் எங்க நிக்குதெண்டு அதே தாள்ல பாருங்க மாமி. பழைய கோடு உங்கட கட்டிலுக்குக் கீழால போகுது."

எல்லோரும் மறுபடி தாளைப் பார்த்தார்கள். அதில் பாதை எவ்வளவு அகலமாக இருந்தது என்று தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அலவாங்கோடு யாரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஓவசியர் வந்தார். நான் லீவு போட்டு நின்றேன். அக்காவின் குசினியில் அடுப்பு இருந்த இடம் கறுப்பாகச் சதுரமாக இருந்தது. அதை உடைத்தார்கள். கொங்கிறீட்டுக்குக் கீழே மூடி அப்படியே இருந்தது, சபையின் எழுத்தோடு. திறந்து கம்பி விட்டதும் துணி, பொலித்தீன், ஒற்றைச் செருப்பு, யாருடையதோ ஒரு கரண்டி என்று வந்துகொண்டே இருந்தது. பின்னர் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. பைப்படியில் நின்றவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கை தட்டினார்கள். அக்கா வெளியே படியில் இருந்தார். கரண்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்கடதில்ல" என்றார்.

ஓவசியர் புத்தகத்தில் எழுதினார். எழுதியதை என்னிடம் காட்டினார். "சரியா நங்கி? ஒட்டலாமா?"

பி.எச்.ஐ. அடுத்த கிழமை வந்தார். தரை காய்ந்திருந்தது. மூடியைப் பார்த்தார், சுற்றிவரப் பார்த்தார். நல்ல மனிதர், சொல்லத் தயங்கினார். மூடியைத் திரும்ப மறைக்க முடியாது, ஓவசியர் மாதாமாதம் திறக்க வேண்டும். கான் மூடி இருக்கும் அறையில் விற்பதற்குச் சாப்பாடு செய்ய முடியாது. தண்ணீர் நின்றாலும் இல்லாவிட்டாலும் சட்டம் அதுதான்.

அக்கா தலையை ஆட்டினார். "தெஹிவளைக்குப் போக வேண்டியதுதான்" என்றார். யாரிடமும் குறை சொல்லவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை.

நான் என் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டில் இரண்டு அறை. முன் அறையில் ஒரு கதிரை, ஒரு மேசை, மாதா படம். வேலை முடிந்து வந்து விளக்கைப் போடாமல் அந்தக் கதிரையில் கொஞ்ச நேரம் இருப்பேன். நாள் முழுக்க ஆட்களோடும் மெஷினோடும் இருந்த பிறகு எனக்கென்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

"என்ட முன் அறையில செய்யலாம்" என்றேன். எனக்கே கேட்காத அளவு மெதுவாகச் சொல்லியிருக்கிறேன் போல. பி.எச்.ஐ. "என்ன?" என்று கேட்டார். இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் வந்து அறையைப் பார்த்தார். யன்னல், தரை, தண்ணீர் போகும் வழி எல்லாம் பார்த்துவிட்டுப் படிவத்தை எடுத்தார். "வீட்டு இலக்கம்?"

நான் பைப்படிச் சுவரைக் காட்டினேன். அவர் நடந்து போய் அங்கே இருந்த பட்டியலில் என் வரியைப் பார்த்து எழுதினார். பிறகு போனில் முழுப் பட்டியலையும் படம் எடுத்துக்கொண்டார்.

இப்போது பின்னேரங்களில் என் கதவு திறந்தபடிதான் இருக்கிறது. மேசை அக்காவுக்குப் போய்விட்டது. மாதா படத்தில் ஆவி படிகிறது, வாரத்துக்கு ஒரு தடவை துடைக்கிறேன். கதிரை பின் அறையில் கட்டிலோடு ஒட்டி நிற்கிறது, அதில் இருந்தால் கால் நீட்ட இடமில்லை. எங்களுக்குள் கதை குறைவு. அவர் என்னிடம் நன்றி என்று சொன்னதில்லை, மன்னிப்பு என்றும் நான் கேட்டதில்லை. நான் வரும்போது ஒரு பீங்கானில் எனக்கு வேண்டியதைப் போட்டு மூடி வைத்திருப்பார்.

ஒவ்வொரு மாதமும் சபைக்குப் போய்ப் பட்டியலை வாங்கி, டைப் பண்ணி ஒட்டுகிறேன். இப்போது மற்ற வாசல்காரரும் தங்கள் இலக்கத்தைக் கேட்டு வருகிறார்கள். முடியாது என்று சொல்ல இன்னும் பழகவில்லை.

நேற்று நான் வந்தபோது அக்கா பைப்படிக்குப் போயிருந்தார். உள்ளே போய்க் கைப்பையைக்கூட இறக்கவில்லை, வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"அக்கா, இருவது இரிக்கா?"

வெளியே வந்து, வாசலில் வைத்திருந்த இடியப்பத் தட்டுக்கு மேலிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தேன். "இரிக்கு" என்றேன். எண்ணத் தொடங்கினேன்.